திதி இல்லாத அப்பா

“…செத்த நாளை நான் எங்கை போய்த் தேடுறது பிள்ளை? கொண்டுபோனவைக்குத்தானே அது தெரியும், அவையை எழுதச் சொல்லு,” என்றார் அம்மா, தாளித்த வெந்தய மணம் இன்னும் போகாத லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினியில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மேசையில் கிடந்த படிவத்தை ஒரு முழம் தள்ளிவைத்தபடி.

அந்தப் படிவம் போன மாதம் ஊரிலிருந்து வந்தது. காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்கவென்று போர் முடிந்த பிறகு அங்கே திறந்த ஓர் அலுவலகத்திலிருந்து, சித்தியின் மகள் எடுத்து அனுப்பியிருந்தாள். அப்பாவைக் காணவில்லை என்று சொல்லும் சான்றிதழ் ஒன்றை அம்மா முன்னமே எடுத்து வைத்திருக்கிறார், அதை இடைக்கிடை புதுப்பிக்க வேண்டும் என்று சொன்னபோது, “மனுசன் என்ன பஸ் பாஸே, புதுப்பிக்க?” என்று கேட்டவர் அவர். இப்போது வந்திருப்பது அடுத்த படி. அப்பாவை இறந்தவராகப் பதிந்துகொண்டால் அவருடைய விசாரணைக் கோவையை மூடிவிடலாமாம், அலுவல் கெதியாய் முடியுமாம். அதற்குத்தான் ‘இறந்த திகதி’ என்று ஒரு சின்னக் கட்டம். “ஏதாவதொரு நாளைப் போட்டுவிடுவமே அம்மா?” என்று நான் கேட்டேன். அம்மாவுக்கு வயது போகிறதே என்றுதான் கேட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், எனக்கும் களைத்துவிட்டது என்பதுதான் உண்மை. ஆனால் அப்பாவுக்கு ‘ஏதாவதொரு நாளைப்’ போடும் வேலையை நான் ஒன்பது வயதிலேயே ஒருமுறை செய்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தது அந்தக் கதையைத்தான்.

அப்போது நாங்கள் லண்டன் மனோர் பார்க்கில், ஒன்றோடொன்று தோள் முட்டிக்கொண்டு நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்றின் மேல்மாடி அறையில் இருந்தோம். வீடு பரிமளம் அன்ரியினுடையது. அன்ரியின் கணவர் ஊரில் ஷெல் விழுந்து இறந்தவர். இரண்டு பிள்ளைகளோடு எங்களுக்கு முன்னமே லண்டன் வந்து, ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து, தன் துயரத்தைப் பகிடியாக்கிச் சீவிக்கக் கற்றுக்கொண்ட மனுசி. “என்ரை மனுசன் செத்தும் வருசத்துக்கு ஒருக்கா என்னைச் சமைக்க வைக்கிறார். உன்ரை மனுசன் இருந்தும் ஒரு வாய் தேத்தண்ணி கேக்கிறாரில்லை,” என்று அன்ரி சொல்ல, அம்மா சிரிப்பார். அப்பா இருக்கிறார் என்று வாய் திறந்து சொல்லும் ஒரே ஆள் அந்த வீட்டில் அன்ரிதான். அந்தப் பகிடிக்காகவே அம்மா அவருக்கு எதையும் பொறுத்துக்கொள்வார்.

அப்பா இருக்கிறாரா என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு பேச்சு இருந்தது: “அப்பா வரிசையிலை நிக்கிறார்.” எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது ஊரில் ஓர் இராணுவச் சோதனைச்சாவடியில் ஆண்களை ஒரு வரிசையாகவும் பெண்களை ஒரு வரிசையாகவும் பிரித்து விட்டார்கள். எங்கள் வரிசை முதலில் நகர்ந்தது. அப்பா அங்கிருந்து கையைக் காட்டி, “அந்த மரத்தடியிலை நில்லுங்கோ, வாறன்,” என்றார். நாங்கள் நின்றோம். அவருக்கு முன்னால் நின்றவர்களும் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக வந்து, சயிக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். அப்பாவையும் வேறு நாலு பேரையும் மட்டும் ஒரு பச்சை வாகனத்தில் ஏற்றினார்கள். “விசாரிச்சுப்போட்டு விடுவம்,” என்று ஒருவர் அம்மாவிடம் தமிழிலேயே சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு லண்டனில் எந்த வரிசையைக் கண்டாலும், தபால் கந்தோரோ, பஸ் தரிப்போ, உதவிப்பணம் கொடுக்கும் ‘பெனிபிட்’ அலுவலகமோ, ஆண்களின் முகங்களை முன்னாலிருந்து பின்வரைக்கும் ஒருதரம் பார்த்து முடிக்காமல் எனக்கு நிற்க ஏலாது. இன்றைக்கும் அந்தப் பழக்கம் விட்டபாடில்லை. நான் வேலை செய்யும் கடையில் காசு வாங்கும் ‘டில்’லுக்கு முன்னால் சனிக்கிழமைகளில் வரிசை நீளும்போது, எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் அதில் நின்றால் என் கை சற்றுப் பிந்தித்தான் சாமானை எடுக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போவார். அர்ச்சனைத் தட்டை ஐயரிடம் நீட்டிப் பெயர் சொல்வது என் வேலை. “கணேசலிங்கம், அனுஷ நட்சத்திரம்.” ஒரு மூச்சில், பாடம் ஒப்புவிப்பது போலச் சொல்வேன். உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் நட்சத்திரம் சொல்வது என்பதும், இறந்தவர்களுக்கு அவர்கள் போன நாளின் பிறையைக் கணக்கிட்டுத் திதி சொல்வார்கள் என்பதும் எங்கள் சனங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதை யாரும் பிரித்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டி வரும் என்று அம்மா நினைத்திருக்கவும் மாட்டார்.

ஆடி மாதம் லண்டனில் பள்ளி விடுமுறையோடு வரும். ஆடி அமாவாசைக்கு முதல்நாளே எங்கள் தெருவில் ஒரு கசப்பு மணம் எழும்பிவிடும். தகப்பனை இழந்தவர்கள் விரதம் பிடித்துப் படைக்கும் அந்த நாளுக்கென்றே காத்தோட்டிக்காய் என்ற கசப்புக் காயை ஊரிலிருந்து விமானத்தில் இறக்குவார்கள், அன்ரி அதை வெட்டி உப்பில் போட்டுப் பொரிப்பார். கீழே பொரியும் அந்தக் காய் மேலே எங்கள் அறைக்கு மட்டும் வருவதில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகள் தங்களுக்குள் ‘இருக்கிறவை’, ‘இல்லாதவை’ என்று அப்பாக்களைப் பிரித்து வைத்திருந்தார்கள். நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. இல்லாதவர்களின் பிள்ளைகளுக்குக் கூட வருடத்தில் ஒருநாள் அப்பா பேரில் வாழையிலை விரித்தார்கள், பாயசம் வைத்தார்கள், அவருக்கு என்ன பிடிக்கும் என்று பேசினார்கள். என் அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் இறந்தகாலத்தில் பேசியதில்லை. நிகழ்காலத்தில் பேசினால் அம்மா எழும்பிப் போய்விடுவார். ஆகவே பேசுவதேயில்லை. எனக்கு அந்த இலையில் ஆசை வந்தது. பொறாமை என்றும் சொல்லலாம்.

அந்த வருட அமாவாசையன்று அம்மாவுக்கு விடிய ஐந்து மணிக்கே ஏதோ ஓர் அலுவலகக் கட்டடத்தில் ‘கிளீனிங் ஷிப்ட்’. என்னை அன்ரியோடு விட்டுப் போனார். அன்ரி தன் பிள்ளைகளோடு என்னையும் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். வாசலுக்குள்ளே ஒரு மடிப்பு மேசை. அதில் ஊரில் படிப்பித்து இளைப்பாறிய மாஸ்ரர் ஒருவர் அந்த வருடம்தான் தொடங்கிய ஒரு பெரிய கொப்பியும் பேனையுமாக இருந்தார். பெயரையும் திதியையும் ஒருமுறை கொடுத்துவிட்டால், பிறகு வருடா வருடம் அந்தத் திதி எந்தத் தேதியில் வருகிறது என்று பஞ்சாங்கம் பார்த்து அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார். புலம்பெயர்ந்து வந்து நாளும் பிறையும் குழம்பிப்போன சனத்துக்கு அந்தக் கொப்பி பெரிய உபகாரம்.

அன்ரியின் மகள் பிரியா என் வயதுக்காரி. அவள் கணீரென்று தன் தகப்பனின் பெயரைச் சொல்லி, “ஆவணி, அபரபக்கத் தசமி,” என்றாள்; தேய்பிறையின் பத்தாம் நாள். அன்ரி சின்னவனைத் தேடி செருப்பு வைக்கும் பக்கம் ஓடியிருந்த நேரம். மாஸ்ரர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“நீங்கள்?”

“கணேசலிங்கம், அனுஷ நட்சத்திரம்.”

“நட்சத்திரம் இருக்கிற ஆக்களுக்குப் பிள்ளை. இதுக்குத் திதியெல்லோ சொல்ல வேணும்.”

பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பிரியா தன் முறை முடிந்த பெருமையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திதி என்பது கொப்பியில் இடம் பிடிப்பதற்கான சொல் என்று மட்டும் எனக்கு விளங்கியது. நானும் கணீரென்று சொன்னேன்: “ஆவணி, அபரபக்கத் தசமி.”

மாஸ்ரருக்கு ஆச்சரியம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. “ரெண்டு பேருக்கும் ஒரே நாளோ… ம்ம், ஒரே ஷெல்லாய் இருக்கும்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, குண்டு குண்டான அழகான எழுத்தில் அப்பாவின் பெயரை எழுதினார். இரண்டு குடும்பத்துத் தகப்பன்மார் ஒரே நாளில் போவது அப்போது யாருக்கும் அதிசயமாக இருக்கவில்லை என்பது இன்றைக்குத்தான் எனக்கு உறைக்கிறது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷம். அப்பாவின் பெயரை ஒருவர் எழுதி நான் கண்டது அதுதான் முதல் தடவை.

பின்னேரம் அம்மா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். “அம்மா, அப்பாவின்ரை பேரையும் கொப்பியிலை பதிஞ்சாச்சு. அப்பாக்கும் தசமி.”

அம்மா அடிக்கவில்லை. ஒரு சப்பாத்தைக் கழற்றியும் மற்றதைக் கழற்றாமலும் படிக்கட்டிலேயே இருந்தார். கீழேயிருந்து அன்ரி வந்து, “ஐயோ, என்ரை கவனப்பிழை, சின்னது தெரியாமல் சொல்லியிருக்கும், விடு,” என்றார். “விடலாம் அக்கா,” என்றார் அம்மா, “ஆனால் நான் தேடுறதை விட்டிட்டன் எண்டு என்ரை மனுசன் நினைக்கப் போறார்.”

அடுத்தநாள் காலை சுகமில்லையென்று வேலைக்கு ‘சிக்’ அடித்துவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். மாஸ்ரர் கொப்பியைத் திறந்தார். அம்மா, “பிள்ளை பிழையாய்ச் சொல்லிப்போட்டுது மாஸ்ரர். அவர் வரிசையிலை நிக்கிறார். பேரை எடுத்துவிடுங்கோ,” என்றார். மாஸ்ரர் பேனையை எடுத்துவிட்டு அப்படியே வைத்திருந்தார். ஒருவரின் பெயருக்குக் குறுக்கே கோடு இழுக்க அவருக்கு மனம் வரவில்லை. பெயரை வெட்டினால் ஆளையே வெட்டியது போலாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளே போய் வெள்ளை மைக்குப்பி ஒன்றைத் தேடிக்கொண்டு வந்து, எழுத்து எழுத்தாகப் பூசி, காயும்வரை ஊதினார். “மகள், ஆள் வந்தவுடனை இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ. நானே அர்ச்சனை செய்விக்கிறன்,” என்றார் அம்மாவைப் பார்த்து. அம்மா அங்கேதான் அழுதார். வந்தால் என்று எல்லோரும் சொல்லும்போது, வந்தவுடனே என்று சொன்ன முதல் ஆள் அவர்.

அதற்குப் பிறகு பல வருடங்கள், நான்தான் அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்று போர்வைக்குள் பயந்திருக்கிறேன். வளர்ந்த பிறகு அந்தப் பயம் போய்விட்டது. அதன் இடத்தில் அவர் குரலாவது சரியாக ஞாபகம் இருந்திருக்கலாமே என்ற ஏக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. “நில்லுங்கோ, வாறன்” என்ற இரண்டு சொல் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது; அதுவும் இப்போது அவருடைய குரலில் அல்ல, என்னுடைய குரலில்தான் கேட்கிறது.

மனோர் பார்க் வீடு கைமாறிவிட்டது. பரிமளம் அன்ரி காலமாகிவிட்டார், மாஸ்ரரும் போய்விட்டார், அந்தக் கொப்பி எங்கே என்று கேட்டால் கோயிலில் இப்போது இருப்பவர்களுக்குத் தெரியாது. எல்லாம் கணினியில் என்கிறார்கள். முன்பெல்லாம் ஆடி அமாவாசையன்று கூட நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்விக்க அம்மாவோடு ஏழெட்டுப் பெண்கள் நிற்பார்கள். கணவனோ மகனோ வரிசையில் நிற்கும் பெண்கள். போர் முடிந்த பிறகு ஒவ்வொருவராகத் திதி சொல்லும் மற்றப் பக்கம் மாறினார்கள். நாள் தெரியாதவர்களுக்கு அந்த அமாவாசையையே திதியாக வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, எவ்வளவு காலம்தான் நிற்பது. இப்போது அந்தப் பக்கத்தில் அம்மா தனியே. ஒவ்வொரு வருடமும் அரசாங்கங்கள் வெளிநாட்டு மண்டபங்களில் கூடிப் பேசி, நல்லிணக்கத்தில் முன்னேற்றம் காணப்பட்டிருக்கிறது என்று அறிக்கை விடுகிறார்கள், நான் கைபேசியில் வாசித்துக் காட்டினால், “முன்னேறட்டும். நான் நிண்ட இடத்திலைதானே நிக்கிறன்,” என்பார். நாங்கள் மிச்சம் பகுதிக்கு வந்தபோது கீழ்த்தளத்து வீடுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தன் முழங்காலுக்காக என்று நினைத்தேன். “அவருக்கு இப்ப எழுபத்திரண்டு. படி ஏறுவாரே?” என்றார்.

அப்படிப்பட்டவரிடம்தான், ஒரு நாளைப் போட்டுவிடுவோமா என்று கேட்டிருக்கிறேன். கேட்ட வாய் கசந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று நிமிர்ந்தபோது, அம்மா தள்ளிவைத்த படிவத்தைத் திரும்ப இழுத்து, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, தாளைக் குப்புறப் போட்டார். வெறுமையான அந்தப் பின்பக்கத்தில், கோடு இழுக்கக் கடித உறையின் ஓரத்தை அடிமட்டமாக வைத்து, அவர்கள் போட்டிருந்ததைப் போலவே மூன்று கட்டங்கள் வரைந்தார். முதலாவதற்கு மேல் ‘கொண்டுபோனவர் பெயர்’ என்று எழுதினார்; இரண்டாவதற்கு மேல் ‘கொண்டுபோய் விட்ட இடம்’; மூன்றாவதற்கு மேல், சற்று யோசித்து, ‘அவர் கடைசியாய்ச் சொன்னது’. மூன்றையும் வெறுமையாகவே விட்டு, அடியில் ‘நிரப்பித் திருப்பி அனுப்பவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.