குடகனாற்றில் நிஜத் தண்ணீர்

அகரத்துப் பக்கம் கல்யாண ஆல்பம் எடுக்கிறவன் நான். மணமக்களை வறண்ட குடகனாற்று மணலில் நிறுத்திப் படம் எடுப்பேன். பிறகு கம்ப்யூட்டரில் அவர்களுக்குப் பின்னால் தண்ணீரை ஓடவிடுவேன். மணலும் தெரியாது, மண்டிக் கிடந்த சீமைக்கருவேல முள்ளும் தெரியாது. கேட்டவர்களுக்குப் படகும் உண்டு. அதில் எனக்குப் பெருமை வேறு.

இரண்டு கோடைகள் எங்கள் ஊர்க்காரர்கள் ஆற்றில் இறங்கி அந்த முள்ளை வேரோடு பிடுங்கினார்கள். நானும் போய்க் கையைக் கிழித்துக்கொண்டேன். ஐப்பசி மழைக்கு ஆறு வந்தது. சருகும் நுரையுமாக, செம்மண் நிறத்தில் வந்தது. வெட்கமே இல்லாமல் கரையில் நின்று கத்தினேன். மறுநாள் விடிந்ததும் கேமராவோடு ஓடிப்போய் ஒரு படம் எடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் எடுத்ததிலேயே அதுதான் அழகு.

ஆனால் கீழே அடுத்த ஊர் எல்லையில் முள் அப்படியே நின்றது. தண்ணீர் அங்கே முட்டித் தேங்கி, எங்கள் வெங்காயக் காடுகளை நோக்கி ஏறத் தொடங்கியது. அவர்கள் பகுதியை உடனே வெட்டினால்தான் காடு தப்பும், அந்த ஊருக்கும் ஆறு போய்ச் சேரும். "படத்தைக் காட்டி ஆள் கூட்டிட்டு வா" என்று எங்கள் ஊர்க்காரர்கள் என்னை விரட்டினார்கள்.

அவ்வூர் மகளிர் குழுத் தலைவியிடம் போனை நீட்டினேன். அவர் மகள் கல்யாணத்துக்கு நான்தான் ஆல்பம் போட்டவன். பார்த்தார், சிரித்தார்.

"எம் மக ஆல்பத்துல கேரளாவையே கொண்டாந்து வச்சவன் நீ. இதுல படகு எங்கப்பு?"

கூட இருந்த பெண்களும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது?

"வண்டியில ஏறுங்கக்கா. செத்த நேரந்தான்."

கரைக்கு வந்ததும் அவர் சிரிப்பு நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை இறங்கினார். "அம்புட்டும் தண்ணி!" என்றார். நான் கேமராவைத் தூக்கினேன்.

"நீ எடுக்காத அப்பு. நீ எடுத்தா எவளும் நம்ப மாட்டா."

தன் போனிலேயே ஒரு படம் எடுத்து, நின்ற இடத்திலிருந்தே குழுவுக்கு அனுப்பினார். அதில் ஆறு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. என் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது. மூலையில் அவர் கட்டைவிரல்.

மதியத்துக்குள் இரண்டு டிராக்டர் நிறைய ஆட்கள் அரிவாளோடு வந்து இறங்கினார்கள், பின்னாலேயே ஒரு ஜேசிபி. பொழுது சாய்வதற்குள் முள் விலகியது. தேங்கிய தண்ணீர் குபுகுபுவென்று அவர்கள் எல்லைக்குள் நுழைந்தபோது இரண்டு ஊரும் சேர்ந்து கத்தியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா, அந்தக் கட்டைவிரலை மட்டும் அழிச்சுத் தரட்டா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கையில் இன்னும் அரிவாள் இருந்தது. "அதுல கை வச்ச, முள்ளோட சேத்து உன்னையும் வெட்டிப்புடுவேன்" என்றார்.