ஐந்து மணிக்கு ஆள் இல்லை

மாவட்டம் பிரிந்து சில வருஷங்கள் கழித்து, வேங்கிக்காலில் ஒரு சின்னத் திட்ட அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். ஊர்கள் முன்னேற எந்தத் தடத்தில் எத்தனை பஸ் வேண்டும் என்று திட்டம் போடுவது எங்கள் வேலை. அங்கே தினமும் பஸ்ஸில் வந்தவள் நான் ஒருத்திதான். அதிகாரி ஜீப்பில் வருவார், மற்றவர்கள் ஸ்கூட்டரில். அதிகாரி நல்ல மனிதர். பஸ்ஸைப் பற்றி நிறையப் படித்திருந்தார். ஏறத்தான் நேரம் வாய்க்கவில்லை.

என் கிராமம் கீழ்பென்னாத்தூர் பக்கம். முதல் பஸ் காலை ஏழு மணிக்கு. பூ பயிரிடும் பெண்கள் சாமந்திக் கூடைகளோடு அதில்தான் டவுனுக்கு வருவார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் பக்கத்து வீட்டு அக்கா.

"நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள பூக்கடைக்காரங்க வாங்கி முடிச்சுடறாங்க. மிச்சத்த கேட்ட வெலைக்குத் தள்ளிட்டு வரோம். நீ பஸ் ஆபீஸ்லதான இருக்கற? அஞ்சு மணிக்கு ஒண்ணு விடச் சொல்லேன்" என்றாள்.

நான் இருந்தது பஸ் ஆபீஸ் இல்லை என்று விளக்கிப் பார்த்தேன். அவளுக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. யோசித்தால் எனக்கும்தான்.

எந்த நேரத்தில் எத்தனை பேர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று எங்கள் நிறுத்தத்தில் ஏற்கெனவே கணக்கெடுப்பு நடந்திருந்தது. ஐந்து மணிக்கு நேராகச் சுழியம். 'தேவை இல்லை' என்று அதை நானே தட்டச்சு செய்திருந்தேன். மறுநாள் அதிகாரியிடம் கேட்டுவிட்டேன்.

"பஸ்ஸே இல்லாத நேரத்துல யாரு சார் வந்து நிப்பாங்க?"

கணக்கெடுப்புத் தாளை எடுத்துப் பார்த்தார். "நியாயம்தாம்மா. ஆனா நிக்கறவங்களத்தான எண்ண முடியும்? நெனைக்கறவங்கள எண்ண ஃபாரத்துல கட்டம் இல்லையே." ஆனாலும் மறு கணக்கெடுப்புக்குக் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தேதியை அக்காவிடம் சொன்னேன். செய்தது சரியா தவறா என்று இன்றும் தெரியாது. அன்று விடியும் முன்னே தெருவையே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தத்தில் நின்றாள். ஜீப்பில் வந்து இறங்கிய எங்கள் ஊழியர் திகைத்துப்போய் எண்ண ஆரம்பித்தார்.

"பஸ்ஸு எப்ப வரும் சார்?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"ரெண்டு மூணு வருஷத்துல வந்துடும்மா."

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

சொன்னதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி நாளானாலும் பஸ் வந்தது. முதல் நாள் பூக்காரப் பெண்கள் எல்லோரும் வந்து முகப்பில் மாலை சார்த்தி, கற்பூரம் காட்டினார்கள். டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு கூடைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்ற வேனில் ஏறினார்கள்.

"என்னக்கா இது?"

"கோவிச்சுக்காத. காத்துக் காத்துப் பாத்துட்டு நாங்களே வேன் பேசிட்டோம். அது பூக்கடை வாசல்லயே எறக்கி வுடுது. உங்க பஸ்ஸும் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

டவுன் வரை டிரைவர், கண்டக்டர், நான். எனக்கு அழுகை வந்தது. அலுவலகம் திறக்க இன்னும் நாலு மணி நேரம் இருந்தது வேறு விஷயம்.

பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள் என்றே நினைத்தேன். அதற்குள் வெளியூர் ஷூ கம்பெனி ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். கம்பெனி வண்டி டவுனிலிருந்து விடியற்காலையில் கிளம்பும். சுற்றுப்பட்ட ஊர்ப் பெண்கள் இந்த பஸ்ஸைப் பிடித்தார்கள். ஆறே மாதத்தில் நிற்க இடமில்லை. முதல் சம்பளத்தில் கைக்கடிகாரம் வாங்கிய ஒருத்தி தினமும் சாயங்காலம் திரும்பும்போது என்னிடம் மணி சொல்லுவாள்.

எங்கள் திட்டத்தில் கம்பெனி என்ற சொல்லே கிடையாது. ஆனால் அடுத்த அறிக்கையில், 'பெண்கள் வேலைவாய்ப்பை முன்கூட்டியே கணித்து இயக்கப்பட்ட தடம்' என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார். பிழையில்லாமல் தட்டச்சு செய்து, மூன்று பிரதி எடுத்து வைத்தேன்.