தினமும் வந்த பாட்டில்

எங்கள் ஆஸ்பத்திரி லேபில் அக்காவைப் போல் கறாரான ஆள் கிடையாது. மூடி சரியாக இல்லாத பாட்டிலை நான் வாங்கி வைத்தாலே முறைப்பார். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கும் சென்சார் கருவி அவர் பொறுப்பு. நகத்தளவு தகட்டில் ஒரு சொட்டு விட்டால், அதில் ஓடும் மின்சாரத்தை அளந்து ஓர் எண்ணைக் காட்டும். எண் ஏறினால் சிறுநீரகம் கெடுகிறது என்று அர்த்தம்.

காலையில் முதல் வேலையாகக் கருவிக்கு 'இதுதான் பூஜ்யம்' என்று காட்டிக்கொடுக்க வேண்டும். அதற்கென்று கம்பெனி அனுப்பும் திரவம் தீர்ந்துபோய், எழுதிக் கேட்டும் போனில் கத்தியும் வரவில்லை. நோய் இல்லாத ஒருவரின் சிறுநீரும் ஆகும் என்று அக்கா தன் வீட்டுக்காரருடையதைக் கொண்டுவர ஆரம்பித்தார். அதை வைத்துப் பொத்தானை அழுத்தினால், உள்ளே எது இருந்தாலும் கருவிக்கு அது பூஜ்யம்தான்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். தலைவலி என்றுகூட ஒருநாள் படுத்ததில்லை. "எங்க வீட்டு ஆளு தங்கம். இவ்வளவு சுத்தமா வேற யாரு தருவா?" என்று அக்கா பாட்டிலை ஆட்டிக் காட்டுவார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. எட்டு மாதம் இப்படியே ஓடியது.

ஒருநாள் வீட்டுக்காரர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். அக்கா முந்தைய நாள் பூஜ்யத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கருவி சரியாக இருக்கிறதா என்று என்னுடையதைப் போட்டுப் பார்த்தார். நோயாளிகளுக்கு எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் வெறும் 'நார்மல்' என்றே வரும்; கருவியைச் சரிபார்க்கும்போதுதான் எண் தெரியும். பூஜ்யத்துக்கும் கீழே காட்டியது.

"பாரு, உன்னோடதைப் பார்த்து மெஷினே பயந்துடுச்சு."

தகட்டை மாற்றினார். மறுபடியும் கீழே. ஆம்புலன்ஸ் டிரைவரிடம் வாங்கிப் போட்டார். அதுவும் கீழேதான். நாங்கள் கீழே இறங்கவில்லை, பூஜ்யம் என்று தினமும் வைத்த பாட்டில்தான் மேலே ஏறியிருந்தது. அக்காவுக்கும் அது உறைத்த நிமிடம் எனக்குத் தெரியும். கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றே பெரிய டாக்டரிடம் சொன்னோம். அந்த எட்டு மாதத்தில் டெஸ்ட் செய்த நோயாளிகள் எல்லோரையும் திரும்பக் கூப்பிடச் சொன்னார். எல்லோருக்கும் எண்ணைக் குறைத்துத்தானே காட்டியிருக்கும், யாருக்கு என்ன ஆகியிருக்குமோ என்று நான் பழைய ரெஜிஸ்டரைப் புரட்டினேன். அக்காவின் காதில் எதுவும் ஏறவில்லை.

மறுவாரம் சிறுநீரக டாக்டரிடம் அக்காவோடும் வீட்டுக்காரரோடும் நானும் போனேன். நடந்ததை வீட்டுக்காரரிடம் சொல்ல அக்காவுக்கு இன்னும் வாய் வரவில்லை.

"ரெண்டு கிட்னியுமே முக்கால்வாசி போயிடுச்சு," என்றார் டாக்டர். "ஆறு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். ஒரு தடவைகூடவா யூரின் டெஸ்ட் பண்ணலை?"

வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதெப்படி டாக்டர்? என் சம்சாரம் தினமும் லேபுக்கு எடுத்துட்டுப் போறாளே. ஏதாவது இருந்தா அவ கண்ணுக்குத் தப்புமா?"

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா வீட்டுக்காரரின் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.