நான் வாசிக்காமல் விட்ட ஊர்ப் பெயர்கள்

சகோதரங்களே, சென்ற மார்கழி மழையில் என் தவறால் ஒரு பெண் சாகக் கிடந்தாள். அதை மறைக்காமல் சொல்லவே எழுதுகிறேன்.

நான் தன்னாமுனையில் வாழும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். வயது எழுபத்து மூன்று. நகரத்துச் சிறு வானொலி நிலையம் ஒன்றில், கண் தெரியாதவர்களுக்காகத் தினமும் காலையில் ஒரு மணி நேரம் பத்திரிகை வாசிக்கிறேன். அங்கே ஒரே விதிதான்: அச்சில் உள்ளதை ஒரு வரியும் விடாமல் வாசிக்க வேண்டும். எது வேண்டும், எது வேண்டாம் என்பதைக் கேட்பவரே முடிவு செய்வார்.

அந்தத் திங்கட்கிழமை, மழையில் நிரம்பிய குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும் என்ற அறிவித்தல் வந்திருந்தது. வெளியேற வேண்டிய ஊர்களின் பட்டியல் நீளமாக இருந்தது. அடுத்த பக்கத்தில் எனக்குப் பிடித்த இலக்கியக் கட்டுரை. அதற்கு நேரம் வேண்டும். நான்கு பெயர்களை வாசித்து, ‘முதலிய ஊர்கள்’ என்று முடித்தேன். ஊர்ப் பெயர்களை யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, கிரான் ஊருக்கு அப்பாலிருந்து செல்வி என்ற பெண் தொலைபேசியில் அழுதாள்.

“சேர், பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா தனிய நிக்கா. கண் தெரியாதவ. ‘வாங்கக்கா, தண்ணி வருது’ எண்டு கையப் புடிச்சி இழுத்தன். ‘சேர் எங்கட ஊர வாசிக்கல்ல. அவர் ஒரு வரி விடமாட்டார். பயந்தாங்கொள்ளி, நீ போ’ எண்டுட்டா. நாங்க பள்ளிக்கூடத்துக்கு வந்திட்டம். இப்ப றோட்டே இல்ல சேர்.”

பத்திரிகையை எடுத்தேன். பதினோராவது பெயர் அவளுடைய ஊர்.

தெரிந்த எல்லாருக்கும் அழைத்தேன். மீனவர்களின் படகு ஒன்று போயிருந்தது. ஆனால் மழையில் வீடும் அதற்குப் போகும் ஒழுங்கையும் தெரியவில்லையாம். மண்டியிட்டேன். “ஆண்டவரே, அவள் என்னை நம்பினாள்.” அதையே சொல்லிச் சொல்லி அழுதேன்.

அப்போதுதான் அவர் ஓர் எண்ணத்தைத் தந்தார். என்னால் அங்கே போக முடியாது. என் குரல் போகும்.

ஓட்டோ பிடித்து நிலையத்துக்கு ஓடி, ஒலிவாங்கி முன் அமர்ந்தேன். “பாக்கியம், உங்கட ஊர் பட்டியலில் இருந்தது. நான்தான் வாசிக்கவில்லை. கட்டிலில் ஏறுங்கள். வானொலிச் சத்தத்தை முழுதாகக் கூட்டி ஜன்னலில் பிடியுங்கள். அணைக்க வேண்டாம்.” பிறகு விட்ட பெயர்கள் எல்லாவற்றையும் வாசித்தேன். அவை முடிய, கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். அவள் கேட்கிறாளா, உயிரோடுதான் இருக்கிறாளா, ஒன்றும் தெரியாது. தொண்டை கட்டியது. நிறுத்தினால் அவள் செத்துவிடுவாள் என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

மதியம் செல்வி அழைத்தாள். படகில் போன ஒருவர், “மச்சான், வெள்ளத்துக்குள்ள ஆரோ பேப்பர் வாசிக்கான்!” என்றாராம். சத்தம் வந்த திசைக்குப் படகைத் திருப்பியிருக்கிறார்கள். நெஞ்சளவு தண்ணீர். கட்டில் மேல், வானொலியை ஜன்னலில் பிடித்தபடி பாக்கியம்.

அன்று மாலையே, அவளைச் சேர்த்திருந்த பள்ளிக்கூடத்துக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். “நேத்து வாசிக்க வேண்டியத இண்டைக்கு வாசிச்சீங்க சேர்,” என்றாள். “என்ட கோழியெல்லாம் போயிற்று. அதுகளுக்கு ஆர் பதில் சொல்ற?” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆண்டவருக்கு நன்றி. இன்று நான் விலை விபரத்தையும் மரண அறிவித்தலையும் முழுதாக வாசிக்கிறேன். உங்கள் பிழை கைமீறிவிட்டது என்று தவிக்கிறீர்களா? அவரிடம் போங்கள். என்னைப்போல் வெட்கப்பட்டபடியே போங்கள். அவர் துரத்தமாட்டார்.