மேடை ஏறாத பிள்ளைகளின் டீச்சர்

நாலாங் கிளாஸோடு படிப்பை விட்டவன் நான். சூலூரில் நாற்பது தறி ஓட்டினேன். கொடுத்த வாக்கு மாறாதவன் என்று ஊரே சொல்லும்; ஒரே ஒருத்தர் மட்டும் சொல்ல மாட்டார்.

தொண்ணூறுகளில், இலங்கை அகதி முகாம் பெண்களுக்குத் தையல் மிஷின் வாங்கித்தர கோயமுத்தூரில் கலைவிழா எடுத்தோம். முகாம் பிள்ளைகளுக்கு நடனம் பழக்கிய டீச்சர்தான் அந்த ஒருத்தர். ஒல்லி உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. வாயில் ஊக்கைக் கவ்விக்கொண்டேதான் பேசுவார்; பேசப் பேசப் பிள்ளைகளின் தாவணியைக் குத்திவிடுவார்.

"எட்டு மணிக்குள்ள திரும்பிப் போய் முகாமில கையெழுத்து வைக்கவேணும் ஐயா. பிள்ளையள் ரெண்டு மாசமாப் பழகினவை."

"உங்க புள்ளைங்க ஆட்டந்தானுங்க டீச்சரம்மா மொதல்ல. நான் சொல்லிப்போட்டனுங்க!"

விழாக்குழுச் செயலாளர் பொன்னாடை போர்த்துவதை முதலில் வைத்துவிட்டார். நன்கொடை தந்த ஒவ்வொருத்தருக்கும் பொன்னாடை, ஒவ்வொருத்தருக்கும் பேச்சு. கடைசியில் மைக் என்னிடம் வந்தது. ஒற்றைத் தறியில் ஆரம்பித்து மேலே வந்த கதையைச் சொன்னேன். கைதட்டினார்கள், இன்னும் சொன்னேன்.

இறங்கி வந்தால், பிள்ளைகள் ஆடாமலே சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். முகாமுக்குப் போகிற வேன் வாசலில் நின்றது.

"செயலாளர் ஏமாத்திப்போட்டாருங்க."

"அவரை எனக்குத் தெரியாது ஐயா. நீங்களெல்லோ சொன்னனீங்கள்?" குரலில் கோபமே இல்லை. "அடுத்த முறை மிஷினை மட்டும் அனுப்பிவிடுங்கோ. பிள்ளையளைக் கூப்பிடாதேங்கோ."

வேனில் ஏறும்போது ஒரு சின்னப் பிள்ளை என்னைப் பார்த்துக் கும்பிட்டது. டீச்சர் அந்தக் கைகளைப் பிடித்து, மெதுவாக இறக்கிவிட்டார்.