அப்பாவின் முதுகெலும்பு

அப்பாவைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டார். மாட்டு வண்டி திரும்புவதுபோல் மொத்த உடம்போடும் திரும்பி, புருவத்தைத் தூக்கிப் பார்ப்பார். நானும் தம்பியும் வேண்டுமென்றே கூப்பிட்டுவிட்டு ஓடுவோம். பிள்ளைகளுக்கு எதில் விளையாடுவது என்ற விவஸ்தையா இருக்கிறது?

காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே அப்பா மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், குமாஸ்தா. குனிந்து எழுதி எழுதியே கூன் விழுந்தது என்று ஊரே சொன்னது. எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் இறந்தபோது சவப்பெட்டிக்குள் தலை கீழே படியவில்லை. வேட்டிகளை மடித்துத் தலைக்கடியில் முட்டுக் கொடுத்தோம். மூடும்வரை எங்களையே எட்டிப் பார்ப்பவர்போல் இருந்தார்.

மகன் மேசை முன்னால் உட்காரவே கூடாது என்று அம்மா அன்றே தீர்மானித்துவிட்டாள். பிற்பாடு தம்பிக்கு ஆபீஸ் வேலை வீடு தேடி வந்தது. "நின்னு செய்யிற வேலையாப் பாருடா" என்று நச்சரித்து அவனை நெரவிப் பக்கம் போகும் பஸ்ஸில் கண்டக்டராக்கினாள். ஆனாலும் காலையில் எழுந்தால் அவன் முதுகு மரக்கட்டையாகிவிடும். நடக்க நடக்கத்தான் இளகும். "கண்ட சினிமாவுக்கும் போனா அப்படித்தான்" என்று அம்மா திட்டுவாள். பள்ளிக்கூட டீச்சராயிருந்த நானும் ஒத்து ஊதுவேன். அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் இருவரும் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருப்போம்.

எண்பதுகளில் அம்மாவும் போனாள். எங்கள் குடும்ப வழக்கப்படி கணவனின் கல்லறையைத் திறந்து, பழைய எலும்புகளைத் துணியில் கட்டி, மனைவியின் பெட்டியோடு வைக்க வேண்டும். பட்டப்பகல். குழிக்குள் இறங்கி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த வெட்டியான் சட்டென்று நிறுத்தினார்.

"டீச்சர், இது தனித்தனியா வரலைங்க."

இரண்டு கைகளாலும் தூக்கினார். கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே துண்டு, வளைந்த மூங்கில் கழிபோல். மண் உதிர்ந்தது; ஒரு கணுகூட அசையவில்லை. சதையெல்லாம் போன பிறகும் அப்பா குனிந்தபடியே எழுந்து வருகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. தம்பியின் கை பின்னால் போய்த் தன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

மறு மாதமே அவனைப் பாண்டிச்சேரிக்கு இழுத்துப்போனேன். எலும்பு, மூட்டு நோய்களை ஆராய்ச்சி செய்கிற டாக்டர் ஒருவர் அங்கே இருந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். இடுப்பிலிருந்து மேல்நோக்கிக் கணுக்கள் ஒட்டத் தொடங்கியிருந்தன. அவர் சொல்வதற்கு முன்பே எனக்கு அப்பாவை அடையாளம் தெரிந்துவிட்டது.

"குனிஞ்சு எழுதுறதால வர்றதில்லம்மா. பரம்பரையா ரத்த வழியில வர்றது."

"குணமாயிடுமா டாக்டர்?"

"வலியைக் குறைக்கலாம். ஒட்டுறதை நிறுத்த இன்னும் வழி தெரியலை."

கல்லறையில் பார்த்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "எங்ககிட்ட படம்தான் இருக்கு. அப்படி முழு எலும்பு கெடைச்சா ஆராய்ச்சிக்கு ரொம்ப உதவும். திரும்பத் தோண்ட முடியுமா?"

தம்பி சிரித்தான். "அவரை எதுக்குங்க எழுப்பணும்? கொஞ்ச நாள் பொறுங்க டாக்டர், என்னோடதையே எடுத்துக்குங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. அந்த மனிதர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். கோட்டுச்சேரி தாண்டும்போது, "தம்பி" என்று கூப்பிட்டேன். கழுத்து அசையவில்லை. தோளும் மார்புமாக மொத்த உடம்போடும் திரும்பி, புருவத்தைத் தூக்கிப் பார்த்தான்.

"என்னக்கா?"

கூப்பிட்டவள் நான்தான். ஓடத்தான் இடமில்லை.