படையலில் ஓடிய சாமுராய் படம்

படையல் இலைக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்த வீடு கும்பகோணம் வட்டாரத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். அன்று அண்ணனுக்கு முதல் வருஷத் தெவசம். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், வைக்கச் சொன்னது என் அம்மா.

அண்ணனுக்கு ஜப்பான் சித்திரக்கதைப் பைத்தியம். நடவு நேரத்தில்கூட ஒரு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வயலுக்குப் போகிற ஆள். அதில் ஒரு கதை அவனுக்கு உயிர். எஜமானை இழந்த சாமுராய் ஒருவன் வாளை ஒளித்துவைத்துவிட்டு ஆற்றில் ஓடம் தள்ளிப் பிழைக்கிறான். பழைய பகையாளிகள் அவனைத் தேடி வருகிறார்கள். இதை நிஜ மனிதர்களை வைத்துப் படமாக எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவன் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, மேட்டூரில் தண்ணீர் திறந்தபோதுகூட அப்படி ஆடியதில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்தால் அண்ணிக்கு அந்தக் கதைதான். அண்ணி குழம்பு ஊற்றிக்கொண்டே ‘ம்’ கொட்டுவார். பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும். என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது செல்போனைத்தான் பார்ப்பார்.

படம் வருவதற்குள் அண்ணன் போய்விட்டான். மாரடைப்பு. வயலுக்குப் போனவன் வரப்பிலேயே சாய்ந்துவிட்டான்.

அண்ணி அழவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊர் சும்மா இருக்குமா? கல்நெஞ்சுக்காரி என்றது. ஊர் கிடக்கட்டும், அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். உப்பு இருக்கிறதா, மோட்டார் போட்டாச்சா என்பதைத் தவிர மாமியாருக்கும் மருமகளுக்கும் வருஷம் முழுக்கப் பேச்சே இல்லை. தெவசம் முடிந்ததும் அவளை வேதாரண்யத்துக்கு, அவள் அப்பா வீட்டுக்கே அனுப்பிவிடப் போகிறேன் என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அம்மாவை எதிர்த்துப் பேசி யார் ஜெயித்தார்கள்?

படையலில் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். அவர் வந்து சாப்பிடுவார்; நடுவில் யாரும் உள்ளே போகக்கூடாது. அம்மா கருவாட்டுக் குழம்பு, அதிரசம் எல்லாம் வைத்துவிட்டு, வேறென்ன அவனுக்குப் பிடிக்கும் என்று கேட்டாள். அந்தப் படம்தான் என்றேன், வாய் சும்மா இருக்காமல். அதையும் வை என்றுவிட்டாள். படம் அப்போது தமிழிலும் வந்திருந்தது. நான் தமிழிலேயே ஓடவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

உச்சி வெயிலில் வாசலில் நின்றோம். உள்ளே வாள் மோதும் சத்தம். யாரோ ‘அடேய் துரோகி’ என்று கத்தினான். கைகூப்பி நின்றிருந்த பெரியப்பா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. அண்ணியின் முகம்தான் மாறிவிட்டது.

“அவங்க தமிழ்ல பாக்க மாட்டாங்க,” என்றவர், யாரையும் கேட்காமல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

படையல் கெட்டது என்று பெரியப்பா பல்லைக் கடித்தார். உள்ளே தமிழ் நின்று ஜப்பான் பேச்சு கேட்டது. அண்ணி வெளியே வரவில்லை. அம்மா விறுவிறுவென்று உள்ளே போனாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று தெரிந்துவிடும் என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

அண்ணி இலைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஓடத்தில் ஒருவன் தனியாக நின்றிருந்தான். இரண்டு கரையிலும் வாளோடு ஆட்கள். அம்மா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, “இவன் கடைசியில பொழைச்சுக்குவானா?” என்று கேட்டாள்.

“தெரியாது அத்தை. முடிவை மட்டும் சொல்லவே இல்லை. படம் வரட்டும், தஞ்சாவூருக்குப் போய் ரெண்டு பேருமா பாத்துக்கலாம்னாங்க...”

அண்ணி அப்படியே கவிழ்ந்து ஓவென்று அழுதார். நான் அதுவரை அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை.

அம்மா அழாதே என்று சொல்லவில்லை. குழம்புப் பாத்திரத்தை நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மருமகளின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“கதவைச் சாத்திட்டுப் போ. படம் முடியற வரைக்கும் யாரும் உள்ள வரக்கூடாது.”